கடல் அட்டைக்கும் கொண்டைக்குருவிக்கும் ஐந்து வேறுபாடுகள்

ஒரு கடல் அட்டையையும் ஒரு கொண்டைக்குருவியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்தச் சொன்னால் நீங்கள் "எதற்கு?" என்று கேட்பீர்கள். விலங்கியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவிகள் பதினெட்டுப் பேர் அப்படிக் கேட்கவில்லை. ஸ்கேலை எடுத்தார்கள். தாளின் நடுவில் பென்சிலால் கோடு போட்டார்கள். இடப்பக்கம் C என்றும் வலப்பக்கம் D என்றும் தலைப்பு எழுதினார்கள். மதிப்பெண் பத்து, ஒரு வேறுபாட்டுக்கு இரண்டு, ஆக ஐந்து வேறுபாடுகள் என்று கணக்குப் போட்டு, ஐந்தையும் எழுதி, கடைசியில் அடிக்கோடும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கேள்வியை வைத்தவள் நான். வேண்டுமென்று வைக்கவில்லை.

2010ஆம் ஆண்டு, மார்ச் மாதம். எனக்கு இருபத்து நான்கு வயது. சிதம்பரத்தில் கடல் உயிரியலில் முதுகலை முடித்துவிட்டு, தினமும் பேருந்தில் கடலூர் போய், அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். பதவிதான் தற்காலிகம். மூத்த ஆசிரியை ஒருவர் பிரசவ விடுப்பில் போனதும் அவருடைய பாடங்கள், அவருடைய பீரோ சாவி, அவருடைய செய்முறைத் தேர்வு எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. அந்தத் தேர்வுக்கு நான் உள்தேர்வாளர். வெளித்தேர்வாளராகச் சிதம்பரத்திலிருந்து ஒரு பேராசிரியை வருவதாக இருந்தது.

விலங்கியல் படிக்காதவர்களுக்கு ஸ்பாட்டர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீளமான மேசையில் எட்டு மாதிரிகளை வரிசையாக வைப்போம். சில பாட்டிலில் ஃபார்மலினில் மிதக்கும், சில காய்ந்தவை, சில பஞ்சு அடைத்தவை. ஒவ்வொன்றின் முன்னாலும் A, B, C என்று ஒரு சீட்டு. மாணவி ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று நிமிடம் நிற்கலாம். மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். அது என்ன, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று எழுத வேண்டும். பிறகு உட்கார்ந்து இரண்டாவது கேள்விக்கு விடை எழுத வேண்டும். அந்த இரண்டாவது கேள்விதான் "C, D ஆகியவற்றின் வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக."

நான் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவள். கைப்பைக்கு ஒரு பட்டியல், வகுப்புக்கு ஒன்று, வெளித்தேர்வாளருக்கு வாங்கவேண்டிய சிற்றுண்டிக்கு ஒன்று (இட்லி, வடை, காபி, காபியில் சர்க்கரை கேட்டுவிட்டுப் போடவும்). ஸ்பாட்டருக்கும் இரண்டு நாள் முன்பே பட்டியல் போட்டு, ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கொடுத்திருந்தேன். அதில் C கடல் அட்டை, D கொண்டைக்குருவி, G நட்சத்திர மீன். மறுநாள் கேள்வித்தாள் தட்டச்சு செய்யும்போது, ஒப்பிட வேண்டிய இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் பிள்ளைகளுக்கு வசதி என்று தோன்றியது. கடல் அட்டையும் நட்சத்திர மீனும் முட்தோலிகள், ஒரே தொகுதி. ஐந்து வேறுபாடு சுலபமாக எழுதலாம். ஆகவே நட்சத்திர மீனை D-க்குக் கொண்டுவந்து குருவியை G-க்குத் தள்ளி, புதுப் பட்டியல் ஒன்றைச் சுத்தமாக எழுதினேன். எழுதி, அதை என் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

தேர்வு நாள் காலை ஆய்வக வாசலில் ஒருத்தி எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். திட்டக்குடிக்காரி. இரண்டு வருடம் முன்பு படித்து முடித்தவள். என்னைவிட ஒரு வயது சின்னவள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி, இந்த ஒரு செய்முறைத் தேர்வு மட்டும் அரியர்.

"முதல் பஸ்ல வந்துட்டேன் மிஸ். விருத்தாசலத்துல மாறி வரணும். லேட்டானா உள்ள விட மாட்டாங்கன்னு பயம்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சாப்டீங்களா?"

"ஆச்சு மிஸ். இந்தத் தடவ எப்படியாவது பாஸ் பண்ணணும். ஊர்ல ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சரா எடுத்திருக்காங்க. ஆறாவது, ஏழாவது. ஜூன் ஒண்ணாந்தேதிக்குள்ள டிகிரி முடிச்சத காட்டணும், இல்லன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்னு கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டாரு."

"போன தடவை எதுல போச்சு?"

"ஸ்பாட்டர்ல. எல்லாம் தெரியும் மிஸ். யோசிச்சு எழுதுறதுக்குள்ள மணி அடிச்சுடுது."

"அப்ப யோசிக்காம எழுதுங்க" என்றேன். ஓர் ஆசிரியை சொல்லக்கூடிய அறிவுரையா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

வெளித்தேர்வாளர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பருத்திப் புடவை, பெரிய கைக்கடிகாரம். இட்லி சாப்பிட்டார், வடையை ஒதுக்கினார். அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே ஓடிப் போய் மேசையைச் சரிபார்த்தேன். A முதல் H வரை எட்டுச் சீட்டு. எட்டு மாதிரி. எட்டு முறை டிக் போட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

பத்தொன்பது பேரும் எட்டு எட்டாக மேசைக்கு வந்தார்கள். முதல் எட்டுப் பேர் முடித்து உட்கார்ந்து, இரண்டாவது கேள்வியை எழுதத் தொடங்கினார்கள். இரண்டாவது குழு மேசையில் நின்றது. மாணவிகளின் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான் எங்கள் வேலை. அப்படி நடந்தபோது, C-யின் பாட்டிலுக்கு அடுத்து, ஒரு கண் உதிர்ந்துபோன கொண்டைக்குருவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் நடையை நிறுத்தவில்லை. நடந்துகொண்டே மனதில் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று, இப்போதே மாற்றி வைக்கலாம். ஆனால் முதல் எட்டுப் பேருக்கு ஒரு D, மற்றவர்களுக்கு வேறு D ஆகிவிடும். இரண்டு, தேர்வை நிறுத்தலாம். நிறுத்தினால் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம், மறுதேர்வு, எப்படியும் ஜூலை. திட்டக்குடிக்காரி மூன்றாவது குழுவில் நின்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று, யாராவது எழுந்து கேட்கட்டும் என்று காத்திருக்கலாம்.

யாரும் எழுந்து கேட்கவில்லை. கேள்வித்தாளில் தவறு இருக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித் தந்ததே இல்லை. புரியாத கேள்வி என்றால் தான் அன்று வகுப்புக்கு வரவில்லை என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொள்வாள்.

இடையில் உதவியாளர் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. மேலே "இறுதிப் பட்டியல்" என்று இருந்தது. என் கோப்பைத் திறந்தேன். அதிலும் "இறுதிப் பட்டியல்" என்றுதான் இருந்தது.

"ரெண்டுமே இறுதின்னு போட்டிருக்கீங்களே மேடம்" என்றார் அவர். குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தேர்வு முடிந்து மாணவிகள் வெளியே போனதும் வெளித்தேர்வாளரிடம் போய் நின்றேன். "மேடம், ஒரு தப்பு நடந்துடுச்சு."

"அந்தக் குருவிதானே?" என்றார். "நானும் பார்த்தேன். சாப்பிட்டுட்டுப் பேசலாம்னு இருந்தேன். என்ன சாப்பாடு?"

"சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு."

"கொண்டு வாங்க."

சாப்பிட்டுக்கொண்டே விடைத்தாள்களைப் பிரித்தார். முதல் தாளைச் சத்தமாகப் படித்தார். "C கடலில் வாழும். D மரத்தில் வாழும். C-க்கு இறகு இல்லை. D-க்கு இறகு உண்டு. C பாடாது. D பாடும்."

"இந்த D-யும் பாடாது மேடம். பஞ்சு அடைச்சு இருவது வருஷம் ஆவுது" என்றார் தண்ணீர் கொண்டுவந்த உதவியாளர் அண்ணன்.

இன்னொருத்தி, "C ஃபார்மலினில் உள்ளது. D பஞ்சு அடைக்கப்பட்டுள்ளது" என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருந்தாள். இன்னொருத்தி, "ஆபத்து வந்தால் C தன் குடலை வெளியே தள்ளிவிடும். D பறந்துவிடும்" என்று எழுதியிருந்தாள். இரண்டும் உண்மை. ஒருத்தி நாலு வேறுபாட்டோடு சரக்குத் தீர்ந்துபோய், ஐந்தாவதாக, "C-ஐப் பிடிப்பது சட்டப்படி குற்றம். D-ஐப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்" என்று கோட்டுக்கு இரண்டு பக்கமும் எழுதி நிரப்பியிருந்தாள். வெளித்தேர்வாளர் அதைப் படித்துவிட்டு ஊறுகாய் கேட்டார்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்றார் கடைசியில்.

"தப்பு என்னுது மேடம். நீங்க ரிப்போர்ட் பண்ணலாம்."

"பண்ணினா மறுபடியும் தேர்வு. மறுபடியும் நான் வரணும், மறுபடியும் இந்த வடை." கையைத் துடைத்துக்கொண்டார். "கேள்வியப் பாருங்க. C-யையும் D-யையும் வேறுபடுத்தச் சொல்லியிருக்கீங்க. ரெண்டுக்கும் வேறுபாடு இருக்கா இல்லையா?"

"இருக்கு மேடம். ரொம்ப ஜாஸ்தியாவே இருக்கு."

"அப்ப கேள்வி சரிதானே. விடைக்குறிப்பு எழுதுங்க. அரை மணி நேரம்."

அப்படித்தான் நான் ஒரு கடல் அட்டைக்கும் ஒரு பாட்டுக்குருவிக்கும் அதிகாரபூர்வமான வேறுபாடுகள் எழுத உட்கார்ந்தேன். பட்டியல் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தவள், அந்த அரை மணியில் திணறினேன். ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி. எல்லாமே வேறாக இருக்கும்போது எதை விடுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஐந்து தலைப்புகளை முடிவு செய்தேன். தொகுதி, முதுகெலும்பு, உடல் சமச்சீர், சுவாசம், இடம்பெயர்தல். கடல் அட்டை குழாய்க் கால்களால் நகரும், குருவி சிறகால் பறக்கும். குருவிக்கு நுரையீரல், கடல் அட்டைக்கு உள்ளே கிளை கிளையாகச் சுவாச மரம் என்ற ஒன்று, அதுவும் வால்பக்கத்து வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சுவிடும். இதை வகுப்பில் நடத்தியபோது பின்பெஞ்சு ஒரு வாரம் சிரித்தது.

பாட்டை நான் சேர்க்கவில்லை. பன்னிரண்டு பேர் பாட்டை எழுதியிருந்தார்கள்.

"ஏன்?" என்றார் வெளித்தேர்வாளர்.

"பாடாததை ஒரு பண்பா எடுத்துக்க முடியாது மேடம். அப்படிப் பார்த்தா இந்த மேசைகூடத்தான் பாடாது."

"ஒரு பொண்ணு பறவைக்கு சிரிங்ஸ்னு ஒரு குரல் உறுப்பு இருக்கு, கடல் அட்டைக்கு இல்லன்னு எழுதியிருக்கே."

"அதுக்குக் கொடுக்கலாம்."

"மத்தவங்களுக்கும் பாதி கொடுங்க. பாட்டில்ல கிடக்கிற அதைப் பார்த்து இது பாடாதுன்னு முடிவு பண்ணவே ஒரு தைரியம் வேணும்." பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டும் அவ்வளவு அந்நியமும் இல்ல, தெரியுமில்ல?"

தெரியும். கருவில் முதலில் தோன்றும் துளை, புழு, நத்தை, நண்டு வகைகளில் பெரும்பாலும் வாயாகிறது. கடல் அட்டையிலும் நட்சத்திர மீனிலும், குருவியிலும் நம்மிலும், அது பின்பக்கமாகிறது. வாய் பிறகுதான் வருகிறது. அதனால் வம்ச வரிசையில் நத்தையைவிடக் கடல் அட்டைதான் குருவிக்குக் கிட்ட.

"குருவி வீட்டுக் கல்யாணம்னா, கடல் அட்டைக்குப் பத்திரிகை வச்சிட்டுத்தான் நத்தை வீட்டுக்குப் போகணும்" என்றார் அவர், சிரிக்காமல்.

திட்டக்குடிக்காரியின் தாள் பதினேழாவதாக வந்தது. பழைய பதிவெண் என்பதால் பார்த்ததும் தெரிந்தது. மற்ற பகுதிகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டினோம். இருபது. தேர்ச்சிக்கு இருபத்து நான்கு வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் புரட்டினோம்.

முதலில் சில வரிகள் எழுதியிருந்தாள். "D என்பது பறவை. அதற்கு முதுகெலும்பு உண்டு. நுரையீரலால் சுவாசிக்கிறது. C முட்தோலி வகை. அதற்கு முதுகெலும்பு இல்லை. சுவாச மரத்தால் சுவாசிக்கிறது. எனவே இவ்விரண்டையும் வேறுபடுத்தக் கேட்டிருக்க மாட்டார்கள். D இருக்கும் இடத்தில் G இருந்திருக்க வேண்டும் என்று கருதி, C, G வேறுபாடுகளை எழுதியுள்ளேன்." அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கடல் அட்டைக்கும் நட்சத்திர மீனுக்கும் நான்கு வேறுபாடுகள். ஐந்தாவது பாதியில் நின்றிருந்தது. மணி அடித்திருக்கும்.

பத்தொன்பது பேரில் யோசித்தவள் அவள் ஒருத்திதான். யோசிக்காமல் எழுது என்று நான் சொன்னதற்குப் பிறகும்.

வெளித்தேர்வாளர் தாளை இரண்டு முறை படித்தார். "கெட்டிக்காரி" என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார். "ஆனா மார்க் எப்படிப் போடறது?"

"அவங்க எழுதினதுதான் மேடம் சரி. நான் கேட்க நினைச்சதே அதுதான்."

"நீங்க கேட்க நினைச்சதுக்கு மார்க் கிடையாதும்மா. தாள்ல இருக்கிறதுக்குத்தான். C, D கேட்டா C, G எழுதியிருக்கு. இது சரின்னா கேள்வி தப்புன்னு ஆகும். கேள்வி தப்புன்னா மத்த பதினெட்டு பேருக்கும் போட்ட மார்க் என்னாகும்?"

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. ஸ்கூல் விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அது சிபாரிசு ஆகிவிடும். அவரும் அதைக் கேட்டுக்கொள்கிறவர் இல்லை. தாளை என் பக்கம் இழுத்து, என் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே இருந்த வரிகளைத் திரும்பப் படித்தேன். பென்சிலை எடுத்தேன். "பறவை", "முட்தோலி" இரண்டின் மேலும் 1 என்று எழுதினேன். "முதுகெலும்பு உண்டு", "இல்லை" மேல் 2. "நுரையீரல்", "சுவாச மரம்" மேல் 3. தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஏன் வேறுபடுத்த முடியாதுன்னு சொல்லும்போதே மூணு வேறுபாடு சொல்லிட்டாங்க மேடம். மூணும் நம்ம குறிப்புல இருக்கு."

அவர் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் குறிப்போடு ஒத்துப் பார்த்தார்.

"அட்டவணை போடலையே."

"போட்டிருக்காங்க மேடம். வேற கேள்விக்கு."

முதல் தடவையாகச் சிரித்தார். "மூணு ரெண்டு ஆறு. அட்டவணை இல்லன்னா யாரா இருந்தாலும் ஒண்ணு குறைக்கணும், இவங்களுக்கும் ஒண்ணு குறைக்கிறேன். அஞ்சு." சிவப்பு மையில் போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுத்தார். கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "அடுத்த தடவ பட்டியலப் பார்த்து டிக் போடாதீங்க. பாட்டிலப் பார்த்துப் போடுங்க" என்றார். சரி என்றேன். உதவியாளர் அண்ணன் என் பின்னால் நின்று இருமினார்.

திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு நான் போனபோது மணி ஐந்து இருக்கும். விருத்தாசலம் வண்டி நிற்கும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மார்க் கேக்கல மிஸ். கேக்கக் கூடாதுன்னு தெரியும். வேற ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அந்தக் குருவி எப்படி மிஸ் அங்க வந்துச்சு?"

உதவியாளர் மாற்றி வைத்துவிட்டார் என்று சொல்ல ஒரு நொடி போதும். "நான் ரெண்டு பட்டியல் போட்டேன். பழசைத் திருப்பி வாங்க மறந்துட்டேன்" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "ரெண்டு வண்டிய விட்டுட்டு உக்காந்திருக்கேன் மிஸ். வெளிய வந்ததும் மத்த பொண்ணுங்க எல்லாம், நீங்க என்னக்கா எழுதுனீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். ஒருத்தி என் தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போறா. எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு ஆயிருச்சு."

"நீங்க எழுதினது சரி."

"சரின்னா மார்க் வருமா மிஸ்?"

நல்ல கேள்வி. அதற்கு அன்று மதியம்தான் இரண்டு பேர் சேர்ந்து விடை கண்டுபிடித்திருந்தோம். சொல்ல எனக்கு உரிமை இல்லை. "ரிசல்ட் வரும்போது தெரியும்" என்றேன். அவள் முகம் வாடியது. தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நடத்துநர் விருத்தாசலம், விருத்தாசலம் என்று பக்கவாட்டைத் தட்டத் தொடங்கினார்.

"ஆறாவதுக்குப் புதுப் புத்தகம் வரப்போகுதாம்" என்றேன் பின்னாலிருந்து. "ஜூன்ல பழைய நோட்ஸ வச்சுக்கிட்டுப் பாடம் எடுக்காதீங்க."

படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவசரப்படாமல், மேசை முன் நிற்கும்போது பார்ப்பதைப் போலவே, முழு மூன்று நிமிடமும் தனக்கு இருப்பதாகப் பார்த்தாள். பின்னாலிருந்தவர் தள்ளியதால் உள்ளே போனாள். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். வண்டி உறுமியது.

"புதுப் புத்தகம் எங்க மிஸ் கெடைக்கும்?" என்றாள் ஜன்னல் வழியாக.

"உங்க ஸ்கூல்லயே தருவாங்க" என்றேன்.